ஏழு மணிக்கு மேல் அந்தப் பிள்ளை யார் பொறுப்பு?

சிங்கப்பூர் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்புக்கும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும்,

“உங்க வேலை நேரத்தை மாத்திக் கொடுக்கச் சொல்லி முதலாளிகிட்ட கேட்டுப் பாருங்களேன்.” வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழி கேட்டுப் போன என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில் இது. நானும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். சொன்னவர் தன்மையாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் இருந்த விதிமுறையில் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு அவள் எழுந்து வந்ததை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவளுக்குச் செக்யூரிட்டி வேலை. ஒரு வாரம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, அடுத்த வாரம் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. ஒரு கட்டடத்தின் வாசலில் இரவு எட்டு மணிக்கு ஒருவர் வந்து நின்றால்தான் காலையிலிருந்து நிற்பவர் வீட்டுக்குப் போக முடியும். நீக்குப்போக்கான வேலை நேரம் கேட்கலாம், கேட்டால் முதலாளி பரிசீலிக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் இருப்பது எனக்கும் தெரியும். அவளும் எழுதிக் கொடுத்தாள். பரிசீலித்தார்கள், முடியாது என்றார்கள். இரண்டே ஷிஃப்ட் உள்ள வேலையில் எதை எதற்கு மாற்றுவது?

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 63 வயது. குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் 14 வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் நின்றுவிட்டேன். இப்போது உட்லண்ட்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எங்கள் புளோக்கிலிருந்து கீழே உள்ள நிலையத்துக்குப் போகும் மூன்று பிள்ளைகளை மாலையில் கூட்டிவருவது நான்தான். மூன்று பேருடைய படிவத்திலும் பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அதனால் கேள்விப்பட்டதை எழுதவில்லை, தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நான் பார்ப்பதை எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் நீங்கள் அதில் செய்திருப்பது கொஞ்சநஞ்சமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையை நிறுத்திய தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது ஒரு தட்டு குறையும், ஆசிரியர் ஒன்றும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். இன்று அப்படி இல்லை. வேலை பார்க்கும் தாய்க்கு முழுநாள் பராமரிப்புக்கு 300 வெள்ளி அடிப்படை உதவித்தொகை, அதற்கு மேல் குடும்ப வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருந்தால் 467 வெள்ளி வரை கூடுதல் உதவித்தொகை. 2020 ஜனவரியில் இது வந்ததும், அரசாங்க நிதியோடு குறைந்த கட்டணத்தில் நடத்தும் முதன்மை நடத்துநர்களின் நிலையங்களில் சில குடும்பங்கள் மாதம் மூன்று வெள்ளி கட்டினால் போதும் என்றானது. 2024 டிசம்பரில், மாத வருமானம் 6,000 வெள்ளிக்குள் உள்ள குடும்பம் என்றால் தாய் வேலைக்குப் போகாவிட்டாலும் கூடுதல் உதவி உண்டு என்று மாற்றினீர்கள். கட்டண உச்சவரம்பும் இறங்கிக்கொண்டே வந்து 2026இல் முதன்மை நடத்துநர்களிடம் 610 வெள்ளியில் நிற்கிறது. இதையெல்லாம் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் இந்த 300, இந்த 467 எல்லாமே காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஏழு மணிக்கு முடிந்துவிடுகிற பணம். சனிக்கிழமை மதியம் இரண்டோடு முடிந்துவிடுகிற பணம். எங்கள் புளோக்கில் ஏழுக்குப் போய் ஏழுக்குத் திரும்பக்கூடிய வேலை எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் மாடியில் ஒருத்தி சாங்கி விமான நிலையத்தில் துப்புரவு வேலை, முதல் ரயிலைப் பிடிக்க ஐந்து மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிடுவாள். எட்டாம் மாடித் தகப்பன் பேருந்து ஓட்டுநர், மனைவி காப்பிக்கடையில் இரவு பத்து மணி வரை பாத்திரம் கழுவுகிறாள். மருத்துவமனையில் நோயாளிப் படுக்கையைத் தள்ளும் வேலை, உணவங்காடி நிலையம், சாமான் விநியோகம். சம்பளம் குறைந்த வேலைகளில் பெரும்பாலும் நேரமும் இப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான் இந்த வேலைகளுக்கு ஆள் வேண்டும். அலுவலக நேரத்தில் வேலை பார்ப்பவருக்குப் பொருந்துகிற மாதிரி நிலையத்தின் நேரத்தை வைத்துவிட்டு, வருமானம் குறைந்தவருக்கு அதிக உதவி என்று சொன்னால், அந்த உதவி பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் தனியாகப் பிள்ளையை வளர்ப்பவள். மகனுக்கு ஐந்து வயது. நான் பொறுப்பு எடுத்துக்கொள்வதற்கு முன்னால், போன வருடம் ஒரு மாதம், காலை ஷிஃப்ட் வாரங்களில் அவள் முதலாளியிடம் கெஞ்சி, சக ஊழியரை ஒன்றரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். அப்படியும் பல நாள் ஏழு பத்து, ஏழு இருபது ஆகிவிட்டது. அந்த நிலையத்தில் ஏழு மணி தாண்டினால் பத்து நிமிடத்துக்கு ஐந்து வெள்ளி. மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணம் மூன்று வெள்ளி, தாமதக் கட்டணம் 45 வெள்ளி. இரண்டும் ஒரே ரசீதில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகி வந்தது. அவள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, “ஆன்ட்டி, இதுல எதைக் கவர்மென்ட் கட்டும்?” என்று கேட்டாள்.

நிலையத்தைக் குறை சொல்லவில்லை. அங்கே இருக்கும் ஆசிரியர்களும் தாய்மார்கள்தான். ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அவர்கள் தங்கள் பிள்ளையை அழைக்க இன்னொரு இடத்துக்கு ஓட வேண்டும். நான் அடுப்படியில் நின்றவள், நாள் முழுவதும் பதினைந்து பிள்ளைகளோடு நின்ற ஆசிரியரின் கால் எப்படி வீங்கியிருக்கும் என்று பார்த்தவள். அவர்களை இன்னும் மூன்று மணி நேரம் நிற்க வையுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். இப்போது இருக்கும் ஆட்பலத்தை இன்னும் இழுப்பது தீர்வு இல்லை.

இரவு ஷிஃப்ட் வாரத்தில் பையன் என் வீட்டில் தூங்குகிறான். ஏழு மணிக்கு அவள் கிளம்பும்போது அவன் சாப்பாட்டில் கண் வைத்திருப்பது போல இருப்பான், தலை தூக்கமாட்டான். கதவு சாத்திய பிறகு எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் அம்மாவின் வேலை அட்டவணையைப் பார்ப்பான். அவனுக்கு இன்னும் சரியாகப் படிக்க வராது. அதனால் அம்மா காலை வேலைக்குப் போகும் நாளில் சூரியனும் இரவு வேலைக்குப் போகும் நாளில் நிலாவும் கிரேயானால் வரைந்து வைத்திருக்கிறான். தினமும் எண்ணுவான். “பாட்டி, இன்னும் மூணு நிலா.” மூன்றாவது நிலா முடிந்த காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று ஒரே அடம். அம்மா ஒன்பதரை மணிக்கு வந்து படுத்தால் அவளோடு சேர்ந்து படுக்க வேண்டும் அவனுக்கு. நிறைய நாள் அவளும் விட்டுவிடுகிறாள். வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவனுக்கு அம்மா கிடைக்கிறாள், அதை நான் எந்த வாயால் தப்பு என்று சொல்வேன்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான காம்லிங்க் பிளஸ் திட்டத்தில் பிள்ளையை மூன்று வயதில் பாலர் பள்ளியில் சேர்த்தால் 500 வெள்ளி, தவறாமல் பள்ளிக்கு வந்தால் காலாண்டுக்கு 200 வெள்ளி, பிள்ளையின் பெயரில் உள்ள குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் போடுகிறீர்கள். நல்ல எண்ணம். ஆனால் வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று பாருங்கள். நான் வேலை பார்த்த 14 வருடத்தில், காலைக் கஞ்சி ஆறிப்போகும்வரை வராத பிள்ளைகளின் வீட்டில் அலட்சியத்தைவிட இரவு வேலையைத்தான் அதிகம் பார்த்தேன். விடிய விடிய நின்றுவிட்டு வந்த தாய் பத்து நிமிடம் என்று கண்ணை மூடுவாள், எழும்போது மணி பன்னிரண்டு. 200 வெள்ளி கொடுத்தாலும் அந்தத் தூக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. காலையில் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிக் கீழே கொண்டுபோய் விட இன்னொரு பெரியவர் அந்த வீட்டில் இருந்தால்தான் வருகைப்பதிவு சரியாகும்.

அக்டோபர் மாதம் எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. நான்கு நாள் குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்றார்கள். சரியாக அது அவளுடைய இரவு வாரம். முதல் இரண்டு இரவும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். மூன்றாவது நாள் ஆள் இல்லை, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். காவல் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, மேலே அவளுடைய மழைக்கோட்டை விரித்துப் படுக்க வைத்திருக்கிறாள். லாரி வரும்போதெல்லாம் தடுப்புக்கம்பம் ஏறி இறங்கும் சத்தத்தில் அவன் விழித்துக்கொண்டே இருந்தானாம். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் கன்னத்தில் நாற்காலி விளிம்பின் கோடு அப்படியே பதிந்திருந்தது. மேலாளர் கண்ணில் பட்டிருந்தால் அவள் வேலை போயிருக்கும். வேலை போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும், அவளை வேலைக்குப் போகச் சொல்லித்தானே இந்த உதவி எல்லாம்.

உங்கள் விதிப்படி மாதம் 56 மணி நேரம் வேலை செய்தால் வேலை பார்க்கும் தாய். அவள் ஐந்தே நாளில் 60 மணி நேரம் வேலை செய்துவிடுகிறாள்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். வசதியுள்ள வீட்டில் அம்மாவும் அப்பாவும் இரவு ஒன்பது மணிக்கு வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே பணிப்பெண் இருக்கிறார். 16 வயதுக்குக் கீழ் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் அந்தப் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைகிறது. அதாவது ஏழு மணிக்கு மேலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாதம் 240 வெள்ளியை அரசாங்கம் விட்டுக்கொடுக்கிறது. பாட்டியோ தாத்தாவோ பார்த்துக்கொண்டால் வேலை பார்க்கும் தாய்க்கு வருமான வரியில் 3,000 வெள்ளிக் கழிவும் உண்டு. இரண்டும் தேவையானவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஈரறை வாடகை வீட்டில் பணிப்பெண்ணுக்குப் படுக்க இடமும் இல்லை, கொடுக்கச் சம்பளமும் இல்லை. வருமான வரியே கட்டாதவளுக்கு வரிக்கழிவால் ஒரு காசு பயனில்லை. நான் அவளுக்குச் சொந்தப் பாட்டியும் இல்லை, அடுத்த வீட்டுக்காரி. ஆக, ராத்திரியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் உதவத்தான் செய்கிறது, ஆனால் அந்த உதவி எங்கள் புளோக் வரைக்கும் வரவில்லை. பிள்ளையைப் பார்ப்பது குடும்பத்தின் கடமை என்று இதற்குப் பதில் சொல்லாதீர்கள், 240 வெள்ளி வாங்கும் குடும்பத்துக்கும் அதே கடமைதான்.

அவள் எனக்கு மாதம் 150 வெள்ளி கொடுக்கிறாள். வேண்டாம் என்றால் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறாள். மூன்று வெள்ளிக் கட்டணம் என்று நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுத்த காசு இப்படித்தான் போகிறது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இந்த ஜனவரியிலிருந்து உறுத்துகிறது. குறைந்த சம்பள வேலைகளுக்கு அடிமட்டச் சம்பளம் வைத்து ஏற்றிக்கொண்டுபோகும் படிப்படியான சம்பள உயர்வு முறையில் பாதுகாவல் அதிகாரிகளின் அடிமட்ட மொத்தச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி, வருடத்துக்கு 220 வெள்ளி கூடி 2026இல் 3,090. சந்தோஷம்தான், அவளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் அதிகபட்ச உதவிக்கான 3,000 வெள்ளிக் கோடு 2020இல் போட்டது. அரசாங்கமே விதி போட்டுக் கூட்டிய சம்பளம், அவளை அந்தக் கோட்டுக்கு மேல் தள்ளிவிடுகிறது. தொகை சிறியதாக இருக்கலாம். அவள் வசதியாகிவிட்டாள் என்று அடுத்த முறை ஒரு படிவம் சொல்லும், அதுதான் சரியில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கீழே உள்ள நிலையம் சனிக்கிழமைகளில் இனி திறக்காதாம், பிள்ளைகள் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கும் இன்னொரு நிலையத்துக்குப் போகவேண்டும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. சனிக்கிழமை வருகிற பிள்ளைகள் குறைவு என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். குறைவுதான். ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். இந்த முழங்காலோடு மூன்று பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி இறக்க என்னால் முடியாது. இதைச் சொல்லி வழி கேட்கப் போனபோதுதான் வேலை நேரத்தை மாற்றச் சொன்னார்கள்.

நான் கேட்பது இவை.

முதலாவது, ஒவ்வொரு நகரத்திலும் இரண்டு மூன்று நிலையங்களையாவது காலை ஐந்தரை முதல் இரவு பத்தரை வரை திறந்து வையுங்கள். தனி ஊழியர்களைப் போட்டு, அவர்களுக்குத் தனிச் சம்பளம் கொடுத்து நடத்துங்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்கும் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுங்கள். உட்லண்ட்ஸ், ஈசூன், ஜூரோங் மாதிரி வாடகை புளோக்குகள் அதிகம் உள்ள இடங்களில் முதலில் தொடங்கலாம்.

இரண்டாவது, 2024 இறுதியில் 2 மாதம் முதல் 18 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர்களை வைத்து மூன்றாண்டு முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறீர்கள். அதை ஆறு வயது வரை நீட்டி, இரவுக்கும் சேர்த்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண உதவியோடு கொடுங்கள். எங்கள் புளோக்கிலேயே பிள்ளை வளர்த்துப் பழகிய பெண்கள் ஆறேழு பேர் சும்மா இருக்கிறார்கள். பயிற்சி கொடுங்கள், பின்னணியைச் சோதியுங்கள், வீட்டுக்கு வந்து பாருங்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அடுத்து யார் என்ற கேள்விக்கு இப்போது பதில் இல்லை.

மூன்றாவது, ஷிஃப்ட் வேலை என்று முதலாளியிடமிருந்து கடிதம் கொண்டுவரும் பெற்றோரிடம் தாமதக் கட்டணம் வாங்க வேண்டாம். நிலையத்துக்கு ஆகும் செலவை நீங்கள் ஈடுகட்டுங்கள், ஆசிரியருக்கு அந்த நேரத்துக்கான காசு போய்ச் சேரட்டும்.

நான்காவது, சனிக்கிழமை நிலையத்தை மூடும் முன் அன்றைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசாமல் மூட அனுமதிக்காதீர்கள். வேறு நிலையத்துக்கு மாற்றினால் போக்குவரத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டு மாற்றட்டும். அந்த 3,000 வெள்ளிக் கோட்டையும் படிப்படியான சம்பள உயர்வோடு சேர்த்து உயர்த்துங்கள்.

பதில் எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். நாங்கள் வந்து பார்த்த அன்று அவள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக்கொண்டீர்கள், கோப்பில் இருக்கும். அழைப்பதாக இருந்தால் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை வேண்டாம், இந்த வாரம் அவளுக்கு இரவு வேலை, அப்போதுதான் தூங்குவாள். நாலரைக்கு மேல் அழையுங்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு பாட்டி